துலுக்கானத்தின் புறங்கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் அந்தப் பட்டறையில் துலுக்கானத்தின் புறங்கை வைத்ததுதான் சட்டம். உலையின் வெளித்தகட்டில் ஒரு நொடி புறங்கையை வைத்து எடுப்பார். உள்ளே நடப்பதைப் புட்டுப் புட்டு வைப்பார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மனுஷர் கில்லாடிதான்!

பிடிவாதத்திலும் கில்லாடி. கோடை முழுக்க வேலையை விடியற்காலைக்கு மாற்றி, உச்சி வெயிலில் உலையை அணைத்து வைக்கலாம் என்று பாதுகாப்பு அதிகாரி நிவேதிதா போன வாரமே கடிதம் எழுதி நீட்டினாள். மூத்த உலைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் முதலாளி சம்மதிப்பார். துலுக்கானம் சிரித்துத் தள்ளிவிட்டார். நேற்று மதியம் வேலையாள் பாண்டியன் வெக்கை தாங்காமல் உலை முன்னால் சுருண்டு விழுந்தான். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

இன்று மறுபடியும் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா மேடம், சூரியன் சூடு ஏறிக்கினே போவுது. அதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?"

"சூரியன் இல்லண்ணே. நாம எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல், டீசல்ல வர்ற கரியமில வாயுதான் சூட்டை வெளிய விடாமப் பிடிச்சு வைக்குது."

"பொஸ்தகத்துல யார் வேணா எழுதலாம்."

நிவேதிதா சளைக்கவில்லை. "பலூன் விட்டு, செயற்கைக்கோள் விட்டு வருஷக்கணக்கா அளந்திருக்காங்கண்ணே. கீழ இருக்கிற காத்து சூடாகுது. ரொம்ப உயரத்துல இருக்கிற காத்து குளுந்துகிட்டே போகுது."

முகம் துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது.

"இன்னா சொன்னீங்க? மேல குளுருதா?"

விறுவிறுவென்று போய் உலைமேல் புறங்கையை வைத்தார். தீயைக் கூட்டினால் உள்ளேயும் சுடும், தகடும் சுடும். உள்ளே கொதிக்கும்போது தகடு மட்டும் குளிர்ந்தால், சூடு வெளியே போகாமல் உள்சுவரில் பூசிய லைனிங் தடித்திருக்கிறது என்று அர்த்தம். இது அவர் கைக்குத் தெரியாதா என்ன?

"அய்யய்யே! அப்போ சூரியன் தீயக் கூட்டல. நாமதான் பூமியச் சுத்தி லைனிங் போட்டுக்கினு கீறோம்! அம்மாம் ஒசரத்துல கை வெச்சுப் பாத்துக்கீறாங்களே, மெய்யாலுமே கில்லாடிங்க மேடம் அவுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் பாண்டியன் ஞாபகம் வந்தது. கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு. யாரையும் கேட்காமல் உலைக்குப் போகும் எண்ணெயை நிறுத்தினார்.

வேலையாட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க? சூரியன் பண்ணதுன்னா கைய விரிச்சுடலாம். இது மனுசன் பண்ணது. மனுசன்தான் தீயக் கொறைக்கணும். நான் போன வாரமே கொறைச்சிருந்தா பாண்டியன் இன்னிக்கு இங்க நின்னுகினு இருப்பான்."