நீளவாக்கில் ஒரு வேகம், குறுக்கே ஒரு வேகம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஒருநாள் என் கொழுந்தனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கிறோம். கட்டடம் எழும்பும் முன் தரையின் உறுதியைச் சோதிப்பது எங்கள் தொழில். தரையில் வைத்த இரும்புத் தகட்டில் அவன் சம்மட்டியால் அடிப்பான். அதிர்வு மேற்பரப்பை ஒட்டி அலையாக ஓடும். வரிசையாகக் குத்தி வைத்த இருபத்து நான்கு ஜியோபோன்கள், அதாவது அதிர்வை உணரும் கருவிகள், அதைக் கேட்டு என் மடிக்கணினிக்குச் சொல்லும். அலை வேகமாக ஓடினால் தரை கெட்டி. அவன் அடிக்கிற அடிக்கு அவனையே சம்மட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானம். மதிலோரமாக நீளவாக்கில் எடுத்த வரிசையில் வினாடிக்கு நானூற்றுப் பத்து மீட்டர் வந்தது. குறுக்கே எடுத்ததில் இருநூற்றுத் தொண்ணூறுதான். போன மாதம் கம்பிகளை மாற்றிச் செருகி மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால் இந்த முறை கம்பிகளை மூன்று தரம் பார்த்துவிட்டேன். மிச்சம் இருந்தது சம்மட்டிதான்.

மேனேஜரைக் கைபேசியில் கூப்பிட்டு, "குறுக்கு வரிசையில இவன் ஏனோதானோன்னு அடிச்சிருக்கான் சார்" என்று போட்டுக்கொடுத்தேன்.

"இது மூணாவது புகார்மா. மூணு மணிக்கு வரேன். அவன் இன்னையோட நின்னுக்கட்டும்."

முந்தைய இரண்டும் அவன் தாமதமாக வந்ததைப் பற்றி. அவற்றைச் சொன்னதும் நான்தான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். "அண்ணி, ஒண்ணு கேக்கவா? நான் மெல்ல அடிச்சா அலையும் மெல்லப் போகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. போகாது. மெல்ல அடித்தால் அலை சின்னதாக இருக்கும், அவ்வளவே. வேகத்தைத் தீர்மானிப்பது தரை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே நான் ஒப்பிக்கிற பாடம் அது.

"நீங்களே அடிச்சுப் பாருங்க" என்று சம்மட்டியை நீட்டினான்.

முதல் அடி தகட்டின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பத்தாவது அடிக்குள் என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. திரையில் அதே இருநூற்றுத் தொண்ணூறு.

அப்புறம்தான் பதிவுகளை நிதானமாகப் பார்த்தேன். மேல்மண்ணைத் தாண்டாத குட்டை அலைகள் இரண்டு திசையிலும் ஒரே வேகத்தில் ஓடியிருந்தன. ஆழம்வரை எட்டும் நீண்ட அலைகளில்தான் வித்தியாசம். அப்படியானால் சங்கதி கீழே இருக்கிறது.

மைதானத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டியிருந்தார்கள். இருவரும் எட்டிப் பார்த்தோம். இடுப்பளவு மண்ணுக்குக் கீழே, ஏடு ஏடாகப் பிரிந்த பாறை, அலமாரியில் சாய்ந்து நிற்கும் புத்தகங்களைப் போல நின்றது. ஏடுகள் மதிலின் போக்கிலேயே ஓடின. ஏட்டோடு போகிற அலைக்குத் தடையில்லை. குறுக்கே போகிற அலை ஒவ்வொரு இடுக்கையும் தாண்டியாக வேண்டும்.

"மதிலோரமா மட்டும் எடுத்திருந்தா?" என்று கேட்டான்.

"எல்லாப் பக்கமும் கெட்டின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்போம்."

குறுக்கேயும் ஒரு வரிசை எடுப்போம் என்று காலையில் சொன்னவனே அவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் மூன்று மணிக்குக் கையில் ஒரு உறையோடு வந்து இறங்கினார். நான் முந்திக்கொண்டேன். "சார், தப்பு என்னோடது. அவன் அடிச்சதெல்லாம் சரி. தரைதான் திசைக்கு ஒரு வேகம் காட்டுது, வந்து பாருங்க. அந்த ரெண்டு நாளும் அவன் லேட்டா வந்ததுகூட, நான் மறந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போனதாலதான்."

அவர் குழியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இந்த லெட்டரை யாருக்குக் குடுக்கறது?"

நான் கையை நீட்டினேன். உண்மையாகவே நீட்டினேன்.

"அண்ணிக்கு மட்டும் குடுத்துடாதீங்க சார்" என்றான் சம்மட்டி. "நாள் பூரா வீட்ல வச்சுக்கிட்டு எங்களால சமாளிக்க முடியாது."

மேனேஜர் சிரித்துவிட்டார். உறையை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ, அடுத்த வரிசையைப் போடு" என்றேன்.

"போடறேன். அடிக்கப் போறது நீங்களா, நானா?"