அக்கா நிறுத்தச் சொன்னாள்

1

இந்தக் கதை என் வலது தோளில் தொடங்கியது. மீசை முளைக்கும் முன்பே செங்கல்லும் சிமெண்ட் மூட்டையும் ஏறிய தோள் அது. இப்போது பேனா பிடித்தால்கூடக் கோபித்துக்கொள்கிறது. வலி முற்றினால் நான் வைத்தியரிடம் போவதில்லை, அக்காவிடம் போவேன். அவள் தைலத்தை ஊற்றி, துணி துவைப்பதுபோல் தோளைக் கசக்கிக்கொண்டே திட்டுவாள். திட்டு தீர்ந்தால் தைலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வாரம் தைலம் பாதி இருக்கும்போதே திட்டு நின்றுவிட்டது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒருத்தர் நம்மள தப்பான காரணத்துக்காக நம்பிக்கிட்டிருந்தா, அது நாம திருடினதாடா?" என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கு என்றேன். அவள் அமுக்கவில்லை. சொல்லத் தொடங்கினாள். கதையின் மூலம் இதுதான்: ஒரு தோள், அரைப் புட்டித் தைலம், அக்காவின் கேள்வி. என் கற்பனை என்று இதில் பெரிதாக எதுவுமில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வானத்தைத் தொடும் கிரேனின் உச்சியில், சின்னக் கூண்டுக்குள் அமர்ந்திருந்த அவருக்குக் கீழே மனிதர்கள் எறும்புகளாக—"

அடித்துவிட்டேன். மனிதர்கள் எறும்பாகத் தெரிந்தால் அந்த ஆள் கிரேன் ஓட்ட லாயக்கில்லை.

இரண்டாவது: "கீழ்ப்படிதல் என்பது விசுவாசத்தின்—"

இதையும் விட்டேன். கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மேஸ்திரியின் குரல்தான் கேட்கும். கூலி வேலையில் வளர்ந்தவனுக்கு அது ஆத்மாவோடு சம்பந்தப்பட்ட சொல் அல்ல, முதுகோடு சம்பந்தப்பட்டது. அக்கா அதை வேறு மாதிரிச் சொல்வாள். "பயந்து செஞ்சா அடிமை வேலை. நம்பிச் செஞ்சாத்தான் கீழ்ப்படியறது." இதைச் சொல்லும்போது அவள் என் தோளை அசையவிடாமல் பிடித்திருந்தாள். நான் நம்பித்தான் படுத்திருந்தேனா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தொடக்கம் சாதாரணமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அத்தான் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறார். அதே இடத்தில் அக்கா சிக்னல் கொடுக்கிறாள். கட்டடம் உயர உயர, சுமை இறங்குகிற இடம் கூண்டிலிருந்து தெரியாமல் போய்விடும். அத்தானுக்குத் தெரிவது மேல்தளத்தின் விளிம்பில் நிற்கும் அக்கா மட்டும். அக்காவுக்குச் சுமையும் தெரியும், கூண்டும் தெரியும். அவள் கை இறங்கு என்றால் இவர் இறக்குவார். கை நின்றால் சுமை நிற்கும்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சுமையை நகர்த்தச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை. கூட்டிப் பெருக்குபவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால்கூட நிறுத்தியாக வேண்டும். ஏன் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் நிலவரம் தலைகீழ். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கல்யாணத்தன்று போதகர் சொன்னதை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டவள். பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது முதல் சுவருக்கு என்ன வண்ணம் என்பது வரை கடைசி வார்த்தை அத்தானுடையது.*

* அந்தக் கடைசி வார்த்தை பெரும்பாலும் "நீ என்ன சொல்ற?" என்பதுதான். இது கதைக்குத் தேவையில்லை. அத்தானின் மரியாதைக்காகச் சேர்த்தேனா, குறைப்பதற்காகச் சேர்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

4

அன்று நடந்தது இதுதான். கட்டடத்தின் பின்பக்கக் குழிக்குள் ஒரு கம்பிக் கட்டை இறக்க வேண்டும். குழிக்குள் கம்பி கட்டுகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள். காற்று இல்லை. கட்டு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அக்கா இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள்.

[இந்த இடத்தில் "சிலுவைபோல" என்று எழுதியிருந்தேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அவசரமா நிறுத்தணும்னா எல்லாரும் அப்படித்தான்டா நீட்டுவாங்க. ஆண்டவரை எதுக்கு இதுல இழுக்கற?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

அத்தான் நிறுத்தினார். கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கியது. சூப்பர்வைசர் அக்காவின் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார், கோளாறு எதுவும் தெரியவில்லை, இறக்கு என்று அவரே கையைக் காட்டினார். அத்தான் இறக்கவில்லை. சூப்பர்வைசர் கத்தினார். அத்தான் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் காட்டியபடி கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தரையில் வைத்தார். சுமையைத் தாங்கும் பெல்ட், கொக்கி, கட்டு எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தன.

சூப்பர்வைசரை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கிய மீசைகூட வைத்தேன். அக்கா ஒப்பவில்லை. "அவருக்கு மீசையே கிடையாது. நல்ல மனுஷன். கான்கிரீட் வண்டி வரிசையா நின்னுச்சு, அவரு பதறினாரு, அவ்வளவுதான்." கம்பி இறங்கத் தாமதமானதால் வண்டிகளில் இருந்த கலவை இறுகிப்போய், கொட்ட வேண்டியதாயிற்று. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அத்தானைக் கூண்டிலிருந்து இறக்கி, கீழே கிரீஸ் பூசும் வேலைக்குப் போட்டார்கள். அக்காவை அப்படியே விட்டார்கள். வேலையாட்கள் மட்டும் அவளுக்கு "பிரேக்கம்மா" என்று பெயர் வைத்தார்கள். டீ எடுத்துக்கொண்டு அவள் நடந்தால் எவனாவது ஒருவன் டயர் தேய்கிற மாதிரிச் சத்தம் கொடுப்பான்.

5

இந்தப் பகுதியில் எனக்கு அத்தான் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாக அவர் நிற்கவில்லை. பல வருஷம் கிரேன் ஓட்டியவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கிரீஸ் டப்பாவைத் தூக்குவாரா? நேரில் போய்க் கேட்டேன். இறக்கு என்றபோது கேட்காதவர், கீழே வா என்றபோது மட்டும் ஏன் கேட்டீர்கள், இது என்ன நியாயம் என்றேன்.

அத்தான் துணியில் கையைத் துடைத்தார். "முதல்ல சொன்னது மத்தவங்க தலை மேல விழற விஷயம் மாப்ள. ரெண்டாவது சொன்னது என் தலை மேல மட்டும்தான். என் தலைக்கு மேல ஒருத்தர் இருக்காரு, அவரு பாத்துப்பாரு."

அதற்கு மேல் அவரிடம் எதுவும் கறக்க முடியவில்லை. வேலையிடத்தில் கிண்டல் செய்கிறவர்களிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் எதையோ பார்த்திருக்கிறாள், பார்க்காமல் கையை நீட்ட மாட்டாள் என்பதுதான் அந்தப் பதில். என்ன பார்த்தாய் என்று அக்காவிடம் மட்டும் அவர் கேட்கவே இல்லை. வீட்டிலும் கேட்கவில்லை, சபைக்குப் போகும் வழியிலும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமாம்.

6

ஆனால் அக்கா எதையும் பார்க்கவில்லை.

இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று நிறைய யோசித்தேன். கெட்டிக்கார எழுத்தாளன் கடைசி வரிக்குப் பத்திரப்படுத்துவான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். வாசகரை ஏமாற்றிச் சம்பாதிக்க எனக்கு இதில் எதுவுமில்லை.

"கட்டு நல்லாத்தான் போச்சு. ஆளுங்க விலகித்தான் நின்னாங்க. திடீர்னு என்னமோ ஆயிடும்னு தோணிச்சு. கை தானா நீண்டுருச்சு. பயம்டா. வேற ஒன்னுமே இல்ல."

ஆண்டவர் எச்சரித்திருக்கலாமே என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நம்பாதவன் அப்படி எடுத்துக் கொடுத்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். "அவரு சொல்லியிருந்தா சொன்னாருன்னு சொல்லுவேன். தெரியாத ஒன்னை அவரு தலைல கட்டக் கூடாது."

சூப்பர்வைசர் கேட்டபோது "சந்தேகமா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னாளாம். அது பொய் இல்லை, முழுசாக உண்மையும் இல்லை.

இப்போது திங்கட்கிழமை அத்தான் மறுபடி கூண்டுக்கு ஏறுகிறார். சூப்பர்வைசரே கோபம் ஆறிக் கூப்பிட்டுவிட்டார். விளிம்பில் நிற்கப்போவது அக்காதான். அவளுடைய சிக்கல் இதுதான்: உண்மையைச் சொன்னால், அடுத்த முறை அவள் கை நீளும்போது அத்தானின் கை ஒரு நொடி தயங்கலாம். அந்த ஒரு நொடியில் குழிக்குள் ஒருவர் தலை போகலாம். சொல்லாவிட்டால், இல்லாத ஒரு கண்ணை நம்பிக்கொண்டு அவர் மேலே உட்கார்ந்திருப்பார்.

பேசாமல் விட்டுவிடு, நீயும்தான் ஆண்டவரை ஏன் என்று கேட்காமல் நம்புகிறாய் என்றேன்.

"ஆண்டவர் பயந்து கைய நீட்ட மாட்டாரேடா. நான் அவரு இல்லையே. அவருக்குக் குடுக்கற நம்பிக்கைய நான் எப்படி வாங்கி வச்சுக்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் இது கட்டுரையாகியிருக்கும்.

7

முடிவுகளைப் பாருங்கள்.

ஒன்று: திங்கட்கிழமை பெல்ட் அறுகிறது, அக்கா கையை நீட்டுகிறாள், அத்தான் நிறுத்துகிறார், எல்லோரும் பிழைக்கிறார்கள், பிரேக்கம்மாவுக்கு மாலை. எழுதினேன். படித்துப் பார்த்தால் சோப்பு விளம்பரம்போல இருந்தது.

இன்னொன்று: அக்கா சொல்கிறாள். அத்தான் சிரித்து, எனக்கு அன்றே தெரியும் என்கிறார். இது எனக்குப் பிடித்த முடிவு. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்ப முடியவில்லை.

இன்னும் ஒன்று: சொல்கிறாள், அவர் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவுகிறார், வெகுநேரம் கழுவுகிறார், அவள் துண்டோடு நிற்க—

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. துண்டை அவர் வாங்குவாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கணவன் மனைவியரை வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டையே வைத்துப் பார்த்தாலும் சரி.

அக்காவுக்கு வேறொரு யோசனை இருந்தது. "நீதான் எழுதறியே. அதுலயே போட்டுடு. அவரு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்." அத்தான் படிப்பது இரண்டுதான்: வேதம், கூண்டுக்குள் ஒட்டியிருக்கும் எடைப் பட்டியல். இரண்டிலும் என்னை அச்சிட மாட்டார்கள். அவர் கதை படிப்பவராக இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன். அவள் வாயால் சொல்ல வேண்டியதை என் கையால் தீர்க்க முடியாது.

இன்று சனிக்கிழமை, அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அத்தான் திங்கட்கிழமைக்கான தன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே அக்காவின் ஹெல்மெட்டையும் எடுத்துத் துடைக்கிறார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நான் ஒன்னையும் பாக்கலீங்க, பயந்துட்டேன்." அவள் அவருக்குத் தர வேண்டியது இவ்வளவுதான். இன்னும் தரவில்லை.