டீசல் எப்போது போட்டான்?

அழைப்பு மணி அலறியது. பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் அடிக்கிற ஆள் உறவுக்காரர்களில் ஒருவர்தான். கதாசிரியர் கதவைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"எங்கண்ணன் வந்தாச்சு. கதவைத் திறக்கறீங்களா, இல்லை கட்டிலுக்கு அடியில போறீங்களா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

கதாசிரியர் என்பது அவள் வைத்த பெயர். ஒன்பது வருடத்தில் பதினொரு திரைக்கதைகளை ஆரம்பித்துப் பதினொன்றையும் பரணில் ஏற்றிய மனிதருக்கு அவள் செய்த மரியாதை. பன்னிரண்டாவதை ஆரம்பித்த அன்று மரியாதையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முதல் வரைவு முடிய வேண்டும். முடியாவிட்டால், திங்கட்கிழமை காலையிலிருந்து அண்ணனுடைய டைல்ஸ் கடையில் மேலாளர் வேலை. அவர் தலையாட்டியபோது கையில் ஆறு மாதம் இருந்தது. இப்போது மூன்று மணி நேரம் இருந்தது.

மச்சான் உள்ளே வந்தார். கையில் கடையின் பெயர் தைத்த நீலச் சட்டை.

"நாப்பத்திரண்டு சைஸ் சரியா இருக்கும்ல, மாப்பிள்ளை?"

"இன்னும் நேரம் இருக்கு, மச்சான்."

"நான் எங்கே அவசரப்படுத்தினேன்? ஓரமா உட்கார்ந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

முதுகுக்குப் பின்னால் ஒருவர் சட்டையோடு காத்திருக்கும்போது எழுதுவது எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கதாசிரியர் கணினித் திரையை முறைத்தார். திரை அவரை முறைத்தது.

கதை இதுதான். டவுன் பஸ் டிரைவர் ஒருவர். இருபது வருடமாக ஒரே தடம். ஒரு நாள் காலை, வழக்கமாகத் திரும்புகிற முனையில் திரும்பாமல், பயணிகளோடு நேரே போய்விடுகிறார். போனவர் போய்க்கொண்டே இருந்தார். எங்கே நிறுத்துவது என்று டிரைவருக்கும் தெரியவில்லை, அவரைப் படைத்தவருக்கும் தெரியவில்லை. கதாசிரியர் கடற்கரையில் நிறுத்திப் பார்த்தார். டிரைவர் கவிதை பேச ஆரம்பித்தார். போலீஸை விட்டு மறித்துப் பார்த்தார், அடிதடிப் படமாகிவிட்டது. இரண்டையும் அழித்துவிட்டு மறுபடியும் பஸ்ஸை நெடுஞ்சாலையில் ஏற்றினார்.

மச்சானுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. மேசை ஓரத்தில் அச்செடுத்து வைத்திருந்த பக்கங்களை எடுத்தார். டைல்ஸ் விலைப்பட்டியலைத் தவிர வேறெதையும் முழுதாகப் படித்தறியாதவர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

"மாப்பிள்ளை, இவன் பாட்டுக்குப் போறானே, டிப்போவில இருந்து போன் வரலையா?"

"போனை அணைச்சு வெச்சுட்டான். அடுத்த பக்கத்துல வருது."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "ஆமாம், அணைச்சுட்டான். நல்லவேளை."

கொஞ்ச நேரம் கழித்து, "பொண்டாட்டி திட்டலையா?"

"இன்னும் வீட்டுக்கே போகலையே, மச்சான்."

"அதுவும் சரிதான். போனாத்தானே திட்டுவா."

"அண்ணே, அவரை எழுத விடு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அப்புறம் உன்னாலதான் முடியலைன்னு ஊரெல்லாம் சொல்லுவார்."

"ஒரு சந்தேகம் கேட்டது குத்தமா?"

மணி ஐந்தை நெருங்கியது. கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்த மச்சான் திரும்ப முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார். கணக்கு இடிக்கும்போது கடையில் நெற்றியைச் சொறிவாரே, அப்படிச் சொறிந்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளை. காலையில ஆறு மணிக்கு எடுத்த வண்டி. இப்ப மறுநாள் விடிஞ்சாச்சு. டீசல் எப்ப போட்டான்?"

"நடுவில எங்கேயாவது போட்டிருப்பான்."

"எங்கே? ஒவ்வொரு பக்கமா பாத்துட்டேன். டீ குடிக்கிறாங்க. டயர் மாத்தறாங்க. அந்தப் பொம்பளை குழந்தையைத் தூங்க வைக்குது. டீசல் மட்டும் போடலை."

கதாசிரியர் கணினியில் 'டீசல்' என்று அடித்துத் தேடினார். ஓர் இடத்தில்கூட இல்லை. ஆறு மாதம் பஸ் ஓட்டியிருக்கிறார், ஒரு சொட்டு டீசல் போடவில்லை. அப்படியானால் எங்கே நிறுத்துவது என்று அவர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? வண்டியே நின்றுவிடுமே.

விசைப்பலகை தடதடத்தது. பொட்டல் வெளியில் பஸ் இருமி, குலுங்கி, நின்றது. பயணிகள் இறங்கினார்கள். யாரும் திட்டவில்லை. கண்டக்டர் மட்டும் ஜன்னலருகே வந்து, "ஏன் அண்ணே அங்க திரும்பலை?" என்று கேட்டார். டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா திரும்பத்தானே செஞ்சேன்."

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு 'முற்றும்' விழுந்தது. அச்சுப்பொறி கடைசித் தாளைத் துப்பியதும் மனைவி அதை உருவி, நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சமையலறையில ஒரே புழுக்கம்," என்றாள். அவளிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் கதாசிரியர்.

"எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கு. அதையும் வீணாக்காம எழுத்துப்பிழை பாருங்க." சொன்னவள் கையிலிருந்த தாளைத் திருப்பித் தரவில்லை.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கதாசிரியர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "மச்சான், நீங்க மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்கலைன்னா..."

"தெரியும். வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

குரலில் விளையாட்டு இல்லை. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் மச்சான்.

"என்னண்ணே இது," என்றாள் தங்கை. "அவர் முடிச்சதுல உனக்கு என்ன நஷ்டம்? கடைக்கு ஆள் வேணும்னா விளம்பரம் குடு."

"வெளியாள்கிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போயிட முடியுமா?"

"போறதா? நீ எங்கே போறே?"

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதைத்தான் இன்னும் முடிவு பண்ணலை. நாளைக்கு மாப்பிள்ளையைக் கடையில உட்கார வெச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி முதல்ல கிளம்புதோ அதுல ஏறிடலாம்னு இருந்தேன்."