தைலம் குடித்த ஓவர்லாக்

2007ஆம் வருடம் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் வாட்ச்மேன். கேட்டில் உட்கார்ந்திருப்பவன் பொய் சொன்னால் கம்பெனி என்ன ஆகும்? ஆகவே இது நடந்ததுதான்.

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டைலரான மாரக்காளுக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. கொண்டை முடியக்கூடப் பக்கத்து மெஷின்காரியிடம் போய்க் குனிந்து நிற்பாள். கான்ட்ராக்டர் மோகன்ராஜ் தன்மையானவர். வேலையை விட்டு அனுப்பும்போதும் மரியாதை குறையாது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. திங்கக்கெழமைக்குள்ள கை எந்திரிக்கலீன்னா வேற ஆளப் போட்டுக்கறனுங்க."

சனிக்கிழமை காலையிலேயே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எலும்பு டாக்டரே பின்பக்கம் இருந்த சித்தா பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார். அங்கே டாக்டர் விஜயகுமாரி தோளில் இரண்டு விரலை வைத்தார். வலிக்கிற இடத்தை மாரக்காள் சொல்வதற்கு முன்பே விரல் அங்கே போய் நின்றதாம்.

"எங்கூட்டுக்காரருக்கே தெரியாதுங்க அந்த எடம்!"

"தைலத்தச் சூடு பண்ணி, ஆவி தோள்ல படற மாதிரி ஒத்தடம் குடுங்கம்மா. பாட்டில் கொண்டாந்தீங்களா?"

தைலம் இலவசம், பாட்டில் மட்டும் நம்முடையது. டைலர் பையில் வேறென்ன பாட்டில் இருக்கும்? கழுவித் துடைத்த மெஷின் ஆயில் பாட்டிலை நீட்டினாள்.

நேராகக் கம்பெனிக்கு வந்தவள், பாட்டிலை மெஷின் ஓரம் வைத்துவிட்டு டீக்குப் போனாள். மெக்கானிக் சுரேஷுக்கு அன்று சளி, மூக்கடைப்பு. பாட்டிலைப் பார்த்தான், எடுத்தான், அவ்வளவையும் மெஷினுக்கே ஊற்றிவிட்டான்.

அது கிழட்டு மெஷின். ஓடினால் கேட்டில் என் டீ கிளாஸ் தானாக நடந்து போகும். அன்று மாரக்காள் மிதித்தாள், சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதென்று பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் நிஜமாகவே போனபிறகும் இரண்டு பீஸ் தைத்தது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

சத்தம் நின்றதே என்று ஹாலுக்குள் போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். மெஷின் சூடேற, தைல ஆவி மெல்ல எழும்பியது. ஃபேன் காற்றுக்குக்கூட வளையாமல் நேராக மாரக்காளின் வலது தோளில் போய் உட்கார்ந்தது. ஹால் முழுவதும் வாயைப் பிளந்து பார்த்தது. அவள் மட்டும், தன் பாட்டில்தான் மணக்கிறது என்று தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெல் அடித்ததும் பாட்டிலை எடுத்தாள். காலி.

"ஆயில் நாந்தானுங்கக்கா விட்டேன். மெஷின் எப்புடி ஓடுது பாத்தீங்களா?" என்றான் சுரேஷ், பெருமையாக.

"அடப்பாவி! எந்தோளுக்குக் குடுத்தத இதுக்கு ஊத்திப்போட்டயா? நான் திங்கக்கெழமைக்கு என்ன பண்ணுவேன்?"

அறையக் கையை ஓங்கினாள். வலது கை. அது தலைக்கு மேலே போய் நின்றது.

மோகன்ராஜ் கோயில் வாசலில் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றினார்.

"அடிச்சுப்போடுங்கக்கா, எறங்கீரப்போவுது" என்று சுரேஷ் கன்னத்தைக் காட்டினான்.

அவள் அடிக்க மறந்துவிட்டாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இடது கையையும் மெதுவாக மேலே கொண்டுபோய், தன் கொண்டையைத் தானே அவிழ்த்து முடிந்துகொண்டாள்.