சூடாகாத சக்கரம்

"வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கல. நீதான் ஸ்டியரிங்கை ஒடிச்சே."

சொல்லிவிட்டு அண்ணன் கையை நீட்டினான். சாவி வேண்டுமாம். தங்கை பேன்ட் பைக்குள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாளே தவிர, வெளியே எடுக்கவில்லை.

அவர்கள் இருவரையும் விட வயதில் மூத்தது அந்த ஃபோர் வீல் டிரக். மலை உச்சிக் கண்காணிப்புக் கோபுரத்துக்குச் அதில் சாமான் ஏற்றிப் போவது தங்கையின் வேலை. நேற்று இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டி வலப்பக்கம் பாய்ந்து ஒரு கேட் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவர் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான்.

"ஷெட்டுல மிதிச்சு மிதிச்சுப் பார்த்துட்டேன். பிரேக் கல்லு மாதிரி நிக்குது. கோளாறு உன் காலுல."

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "போன வருஷம் இவர் பள்ளத்துல இறக்கினப்ப மட்டும் கோளாறு குறுக்க வந்த மாட்டுல இருந்துச்சு."

"நீ சும்மா இரு."

"சாவி தர்றேன்ணா. ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வந்து தர்றேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தவள் நேராகத் தண்ணீர்க் குவளையோடு குனிந்தாள். முன் வலது சக்கரத்தின் பிரேக் டிரம்மில் தெளித்தாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. இடது டிரம்மில் தெளித்தாள். தண்ணீர் பாட்டுக்கு வழிந்து தரையில் விழுந்தது. அதன் மேல் உள்ளங்கையையே வைத்துக் காட்டினாள்.

"பிரேக் பிடிச்சா சூடாகணும். இது வேலையே செய்யல. வலது மட்டும் பிடிச்சா வண்டி வலதுலதானே பாயும்?"

அண்ணன் முகம் சுருங்கியது. "கழட்டத் தெரியுமா உனக்கு?"

"நீ மாட்டினதுதானே. தானாவே கழண்டு வரும்."

அண்ணி பம்ப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தாள். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ இரண்டும் கறுப்பு எண்ணெயில் குளித்திருந்தன. பிரேக் ஆயில் கசிகிறதா? டப்பாவில் அளவு இம்மியும் குறையவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தாள். பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் நெடி. கியர் ஆயில். சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலுக்குள் இருக்க வேண்டியது, அதை அடைத்து நிற்கும் ரப்பர் சீலைத் தாண்டி இங்கே வந்திருக்கிறது.

"மட்டமான சீல்," அண்ணன் முந்திக்கொண்டான். "கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"போன மாசம் மாத்தினப்பவும் இதையேதான் சொன்னே. கடைக்காரனுக்கு உன் மேல என்ன பகை?"

இன்னொரு சீலை மாட்டினாலும் இதே கதிதான். காரணம் வேறெங்கோ இருக்கிறது. அவள் வண்டிக்கடியில் ஊர்ந்தாள். ஆக்ஸிலின் முதுகில், சூட்டில் உப்பும் காற்று வெளியேற ஒரு சின்னத் துவாரம் உண்டு. அந்தத் துவாரத்தில் ரப்பர் டேப் சுற்றிய போல்ட் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஸ்பேனரைப் போட்டாள். முழுதாகக் கழல்வதற்கு முன்பே புஸ்ஸென்று காற்று சீறியது.

"இங்க போல்ட்டு முறுக்கின மகராசன் யாரு?"

பம்ப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"ஓடையில இறங்குறப்ப தண்ணி உள்ள போயிடக் கூடாதேன்னு..." அண்ணன் குரல் தேய்ந்தது. "நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"மூக்கை அடைச்சா வாயால மூச்சு விடும். இதுக்கு சீல்தான் வாய். உள்ள அழுத்தம் ஏறினா ஆயிலையும் சேர்த்துத் துப்புது. ஷெட்டுல ஆறிப்போய் நிக்கிறப்ப மிதிச்சா உனக்கு என்ன தெரியும்?"

துவாரத்தில் ஒரு ஹோஸைச் செருகி, ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்தில், பானெட்டுக்கடியில் கட்டினாள். புது சீல், இரண்டு பக்கமும் புது ஷூ. அண்ணன் நீட்டிய ஸ்பேனரை வாங்காமல் தானே வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

"ஏறு, போகலாம்."

மலையேறித் திரும்பினார்கள். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகப் போய் நின்றது.

"சரி, ஒத்துக்கறேன்," என்றான் மூச்சு வந்ததும். "ஆனா அந்த டிரைவருக்கு வாக்குக் குடுத்துட்டேனே. ஒரு மாசம் அவன் ஓட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன பண்றே? நடுரோடு இது."

"வர வேண்டாம்னு அந்த டிரைவர்கிட்ட போன்ல சொல்லு. அதுவரைக்கும் வண்டி நகராது."

"பின்னாடி லாரி வருது."

"வரட்டும். லாரிக்காரருக்கும் நீயே விளக்கம் சொல்லு."

லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. அண்ணன் சட்டைப் பையைத் துழாவி போனை எடுத்தான்.