நாற்பத்தோரு ‘இல்லை’கள்

சாய்ப்ரியா, சுரேந்தரின் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெருந்துறையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது வீடு. இரண்டு குடும்பமும் போனில் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று மண்டபத்தில் சொல்லிவைப்பது வரைக்கும் வந்தாயிற்று. அம்பத்தூரில் இருந்த அவளுடைய அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கோயம்புத்தூர் வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம். அதற்கும் பத்து நாள்தான் பாக்கி. கல்குவாரிகளுக்கும் ஆலைகளுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த மாதக் கடைசியில் ஆணை கைக்கு வந்துவிடும் என்று முதலாளி கோவிந்தராஜுலு சொல்லியிருந்தார்.

சுரேந்தரின் அம்மா கருப்பாத்தாள் வாசலுக்கே வந்து அவளை அழைத்துப் போய் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தாள். கையில் மோரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் இல்லாததற்குச் சமாதானம் சொன்னாள்.

“அவரு காட்டுல மருந்தடிச்சிட்டு இருக்காரு கண்ணு. இப்ப வந்துருவாரு.”

எட்டு மாதமாக வனச்சட்டம் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “காட்டுக்குள்ள போய் மருந்தடிக்க விடுவாங்களா ஆன்ட்டி? பாரஸ்ட்காரங்க கேஸ் போடமாட்டாங்களா?”

கருப்பாத்தாள் மகனைப் பார்த்தாள். மகன் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது. கடலை போட்டிருக்கிற மூணு ஏக்கருக்குத்தான் அம்மா காடு என்கிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், மழையை நம்பி உழுது விதைத்தால் காடு. இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும் என்றான்.

“அப்ப மரம், மலை, மான், யானை எல்லாம் இருக்கறதுக்குப் பேரு?”

“அது பாரஸ்ட்டுங்க அம்மணி,” என்றாள் கருப்பாத்தாள். “அதைய எதுக்குக் காடுங்கறது? அங்க யாரு போயி உழறாங்க?”

சாய்ப்ரியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுடைய முகம் மாறியதை சுரேந்தர் மட்டும் கவனித்தான். என்ன என்று கேட்டான். அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சத்தியமங்கலத்துக்கு இங்கிருந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். சத்தியமங்கலத்துக்கு மேற்கே, கரட்டுப்புதூர் என்ற ஊரை ஒட்டி ஒரு பாறைக்குன்று இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது கரடு. ஊஞ்ச மரமும் வெள்வேல மரமும் அடர்ந்து, அதன் பின்சரிவு பெரிய மலையோடு போய்ச் சேர்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது வெறும் அரசுப் புறம்போக்கு. வனத்துறையோ அது தங்களுடைய காட்டின் தொடர்ச்சி என்று பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தது. அங்கே இருபத்திரண்டு ஏக்கரில் கல் உடைக்க ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். அந்த நிலம் காடுதான் என்றாகிவிட்டால் கோப்பு டெல்லி வரைக்கும் போகவேண்டும். போனால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. காடு இல்லை என்றால் சென்னையிலேயே முடிந்துவிடும். பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், சாதாரணமாகச் சொல்லும் பொருளில் அது காடா என்று பார்க்கவேண்டும் என்பது விதி. அதனால்தான் ஊர்மக்களிடம் கேட்டு எழுதும் கணக்கெடுப்பு.

அந்தக் கணக்கெடுப்பைச் செய்தவள் சாய்ப்ரியா. படிவத்தைத் தயாரித்தவளும் அவள்தான். முதல் கேள்வி: ‘திட்டம் அமையவிருக்கும் இடம் காடா? ஆம் / இல்லை.’ நாற்பத்தாறு வீடுகளில் கேட்டாள். நாற்பத்தோரு வீடு இல்லை என்றது. அதிலும் வெள்ளியங்கிரி என்ற பெரியவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து, “அது எங்கீங்க காடு? அங்க ஒரு சோளக்கதிரு வெளையுமா?” என்று கேட்டிருந்தார். சாய்ப்ரியா அதைக் குறிப்புப் பகுதியில் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘விளைச்சலற்ற தரிசு என மக்களே கருதுகின்றனர்’ என்று தன் விளக்கத்தையும் சேர்த்திருந்தாள். அறிக்கை போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிவிட்டது. வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடுகிறது.

சாப்பிட்ட கையோடு கிளம்பினார்கள். கருப்பாத்தாளுக்கு மனத்தாங்கல்தான், முதல் தடவை வந்த பெண் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. ஆனாலும் வழியில் சாப்பிட நாலு முறுக்கைக் கட்டிக்கொடுத்தாள்.

கரட்டுப்புதூரில் பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது வீடுகளைப் பார்க்கமுடிந்தது. பழைய பட்டியல் அவளுடைய போனில் இருந்தது. அதே ஆட்கள், அதே இடம். இந்த முறை, அது பாரஸ்ட்டா என்று கேட்டாள். பதினேழு வீட்டில் ஆமாம் என்றார்கள். இரண்டு வீட்டில், அது கவர்மெண்டு இடம், அதற்கு மேல் எங்களுக்கென்ன தெரியும் என்றார்கள்.

பாவாத்தாள் என்ற ஆடு மேய்க்கும் பெண் மட்டும் அவளைச் சுலபத்தில் விடவில்லை. ஆடுகளைப் பட்டிக்குள் ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டே பேசினாள்.

“ஏனுங்க அம்மணி, அன்னைக்கு வந்து காடான்னீங்க, இல்லைன்னோம். இன்னைக்கு வந்து பாரஸ்ட்டாங்கறீங்க, ஆமாங்கறோம். நாங்க மாத்தலீங்க. நீங்கதான் மாத்தி மாத்திக் கேக்கறீங்க.”

“தப்பு என்னோடதுதாங்க.”

“அங்க ஆடு ஏறுனா பாரஸ்ட் கார்டு வந்து புடிச்சுக் கட்டிப்போடறாரு. காடா இருந்தா கட்டுவாரா? எம்பட காடுன்னா நான் எங்க வேணும்னாலும் மேய்ப்பேன்.”

குவாரி வேண்டாம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று சுரேந்தர் ஊடே புகுந்து கேட்டான். அது வேறு கேள்வி என்று பாவாத்தாள் அவனை வெட்டினாள். குவாரி வந்தால் தன் மகனுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைக்கும், பெருந்துறைக்குப் பஸ் ஏறவேண்டியதில்லை. வந்தால் வரட்டும் என்றாள். “ஆனா பாரஸ்ட்டு பாரஸ்ட்டுதானுங்க. வேணுங்கறதுக்காக இல்லைன்னு சொல்ல முடியுமா?”

அந்தப் பத்தொன்பது பேரில் ஏழு பேர் குவாரி வேண்டும் என்றவர்கள். அந்த ஏழு பேரும் அது பாரஸ்ட்டு என்றுதான் சொன்னார்கள். சாய்ப்ரியா இரண்டையும் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் வேறு யாரும் வருவதற்கு முன் கோவிந்தராஜுலுவின் அறைக்குப் போனாள். அறுபது வயது மனிதர். சத்தம் போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் சாதம் கொடுத்தனுப்பியவர். நடந்ததையெல்லாம் சொல்லி, குழுவுக்குத் திருத்தம் அனுப்பவேண்டும் என்றாள். அவர் முழுவதையும் கேட்டார். பத்தொன்பது பேரின் பதில்களையும் வாங்கிப் படித்தார். பிறகு, கேள்வியில் பிழை எதுவும் இல்லை, எந்த அகராதியிலும் காடு என்றால் காடுதான், வியாழக்கிழமைக்குள் எதையும் மாற்றமுடியாது என்றார். விண்ணப்பதாரர் ஒரு வருடமாகக் காத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

“இங்க காடுன்னா வேற அர்த்தம் சார். எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.”

அவர் காகிதங்களை விளிம்பு சேர்த்து அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. “சார், நீங்க எந்த ஊரு?”

“வீட்டுல தெலுங்குதாம்மா. ஆனா நான் பொறந்தது, படிச்சது, வளர்ந்தது எல்லாம் இங்க சிங்காநல்லூர்தான்.”

“அப்ப அந்தக் கேள்வியைப் படிச்சப்ப உங்களுக்கு...”

“படிச்சேன். நல்ல தமிழ்ல எழுதியிருந்தீங்க.”

இந்த வேலைக்குக் களப்பணியாளராக அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண் அன்புச்செல்வியைப் போடாமல், அப்போது சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த சென்னைப் பெண்ணைப் போட்டது ஏன் என்பது தன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுக்குப் புரிந்தது. அப்போது அதைத் தன் மேல் வைத்த நம்பிக்கை என்று நினைத்து அப்பாவுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள்.

நிரந்தர ஆணை கோவிந்தராஜுலுவின் கையெழுத்தில் வரவேண்டும். சுரேந்தர் இரண்டு நாளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதன்கிழமை மாலை மட்டும், எதுவானாலும் தன் அம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான். தான் கேட்டது அதையல்ல என்று சாய்ப்ரியா எரிந்து விழுந்தாள். நீ எதுவும் கேட்கவே இல்லையே என்றான் அவன். உண்மைதான்.

வியாழக்கிழமைக் கூட்டம் வீடியோவில் நடந்தது. கோவிந்தராஜுலு அறிக்கையை விளக்கினார். அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தூசி, வெடி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மக்கள் கருத்துக்கு வந்தார்கள். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் பாராட்டினார். மக்கள் பேச்சை அப்படியே பதிவு செய்திருப்பது அபூர்வம் என்று சொல்லி, சோளக்கதிர் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தார். நிலத்தின் தன்மை பற்றி இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்று மற்றவர்களைக் கேட்டார்.

சாய்ப்ரியா கையை நீட்டி மைக்கை இயக்கினாள்.

“சார், அந்தக் கேள்வியை எழுதினது நான். அது தப்பான கேள்வி. அவங்க சொன்னது காடு இல்லைன்னு இல்ல. வயக்காடு இல்லைன்னு சொன்னாங்க.”

அப்புறம் அவள் பேசியது மூன்று நிமிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்ட பதினேழு பேரைப் பற்றிச் சொன்னாள். அதில் குவாரி வேண்டும் என்ற ஏழு பேரையும் விடவில்லை. ஈரோட்டுப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் இடையிலேயே சிரித்துவிட்டார். தங்கள் வீட்டிலும் காட்டுக்குப் போகிறேன் என்றால் எள் பிடுங்கப் போவதுதான், இவ்வளவு நேரம் அது தனக்குத் தோன்றவில்லையே என்றார். தலைவர் கோவிந்தராஜுலுவைப் பார்த்து, அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கு அப்படித்தானா என்று கேட்டார்.

“ஆமாங்க. அப்படித்தான் சொல்வாங்க,” என்றார் கோவிந்தராஜுலு. பொய் சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது. அவர் சொல்லவில்லை.

முடிவு தள்ளிவைக்கப்பட்டது. குழு நேரில் போய்ப் பார்க்கும். கணக்கெடுப்பை வேறொரு நிறுவனம் புதிதாக எடுக்கும். குவாரி வரலாம், வராமலும் போகலாம். பத்து நாள் கழித்து வெளியான கூட்டக் குறிப்பில், ‘ஆலோசகர் தரப்பில் ஒருவர் வட்டார வழக்கு குறித்துத் தெளிவுபடுத்தினார்’ என்று ஒரு வரி இருந்தது. சுரேந்தர் பதினோரு பக்கத்திலும் அவள் பெயரைத் தேடிவிட்டு, அந்த ஒருவர் நீதானே என்று கேட்டான்.

அதற்குள் அந்த ஒருவருக்கு வேலை இல்லை. கூட்டத்துக்கு மறுநாளே கோவிந்தராஜுலு கூப்பிட்டு, இனிமேல் இங்கே இருப்பது உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம் என்றார். கோபம் இல்லை. எட்டு மாதத்துக்கு அனுபவச் சான்றிதழ் தயாராக இருந்தது. நடத்தை: நன்று. அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கதவருகே நின்று, தெரிந்தே ஏன் என்று கேட்க நினைத்தாள். அவர் அதற்குள் வேறொரு கோப்பைத் திறந்திருந்தார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலம் ஹாஸ்டல் மாடிக்குப் போய், துணிக் கொடிகளுக்கு நடுவில் நின்று போன் செய்தாள்.

“நீயா விட்டியா, அவங்களா அனுப்பினாங்களா?” என்று அப்பா கேட்டார்.

அவள் சற்று யோசித்தாள். “ரெண்டும்தான்ப்பா.”

அவர் முழுக்கதையையும் கேட்டார். செய்தது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நிபந்தனையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. வேறு வேலை கிடைக்கட்டும், கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆவணிக்கும் தைக்கும் நடுவே உள்ள மாதங்களை அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரி என்றாள். அம்பத்தூருக்கு வந்துவிடுகிறாயா என்று கேட்டதற்கு மட்டும், இல்லை, இங்கேயே தேடுகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் கருப்பாத்தாளிடமிருந்து போன் வந்தது. மகன் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மண்டபத்துல தைக்கு மாத்திச் சொல்லிப்போட்டேன் கண்ணு. ஆவணியில எப்பவும் மழை. வந்தவீக சேத்துல நின்னுட்டுச் சாப்படணும். தையின்னா நல்லதுங்க.”

சாய்ப்ரியா, சரிங்க அத்தை என்றாள். ஆன்ட்டி என்று சொல்லத்தான் வாயெடுத்திருந்தாள். மறுமுனையில் கருப்பாத்தாள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சேலை எடுப்பதற்கு இனி அவசரமில்லை, அடுத்த வாரம் வந்தால் சாவகாசமாகப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.