குளோரியாவின் பாதி வீடியோ

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு டிவியில் படங்களை அடுக்கி வைப்பது நான் போட்ட மென்பொருள். ஒரு பழைய லேப்டாப்பில் நிற்காமல் ஓடுகிறது. டவுன்லோட் ஃபோல்டரில் புதிதாக எது விழுந்தாலும் தானே கண்டுபிடித்து, லைப்ரரிக்கு ஒரு காப்பி எடுத்து, டிவியில் 'புதுவரவு' வரிசையில் காட்டிவிடும். அந்த வரிசையில் எது வந்தாலும் என் அப்பா ஆம்ப்ரோஸ் விடாமல் பார்ப்பார். சோறு ஆக்குவது ஒன்றுதான் உன் பெட்டிக்குத் தெரியவில்லை என்பார்.

அதை நம்பித்தான் அக்கா குளோரியாவுக்கு யோசனை சொன்னேன். அப்பாவை மீறி அவள் மஞ்சுநாத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆனேக்கல் போன பிறகு, அவள் போனை அப்பா எடுத்ததேயில்லை. அம்மா இறந்தபோதும் அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். வரும் சனிக்கிழமை சர்ச்சில் அம்மாவுக்கு வருஷப் பூசை. சொல்ல வேண்டியதை வீடியோவில் பேசி அந்த ஃபோல்டருக்கு அனுப்பச் சொன்னேன். டிவியில் மகள் முகம் வந்தால் அணைக்க மாட்டார் என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து அப்பா டிவி முன் உட்கார்ந்தார். நான் பால் வாங்கப் போனேன். திரும்பியபோது டிவி அணைந்திருந்தது. அவர் கையில் போன்.

"உங்கக்கா வந்தா டிவில. அம்மா சாவுக்கு உள்ள விடலயே, அதை மறக்கவே முடியலன்னா. அவ்ளோதான், வீடியோ முடிஞ்சிடுச்சு. மறக்க முடியலன்னா இந்தப் பக்கமே வராதேன்னு போன் போட்டு சொல்லிட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளுக்குப் போட்ட முதல் போன் அது.

லேப்டாப்பைத் திறந்தேன். ஆனேக்கல் நெட்டில் மெதுவாக வந்துகொண்டிருந்த வீடியோவை, ஃபோல்டரில் பெயர் தெரிந்தவுடனேயே, வந்தவரை மென்பொருள் காப்பி எடுத்துவிட்டிருந்தது. முழுதாக இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லும் செட்டிங்கை நான் போடவில்லை. மீதியும் பின்னாலேயே வந்து, ஃபோல்டரில் முழு வீடியோ கிடந்தது. ஏற்கெனவே எடுத்த பெயர் என்பதால் மென்பொருள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லேப்டாப்பிலேயே ஓடவிட்டு அப்பா மடியில் வைத்தேன். மறக்க முடியவில்லை என்று சொன்ன இடத்தைத் தாண்டி, குளோரியா மூக்கை உறிஞ்சினாள்.

"ஆனா உங்களை விட்டா எனக்கு யாருப்பா? பூசைல உங்க பக்கத்துல நிக்கணும். வரட்டா?"

அப்பா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"புதுசா வந்ததைக் கண்டுபிடிக்கும்னியே. முழுசா வந்துச்சான்னு பாக்காதாடா?"

அவர் மறுபடி அவளுக்குப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். நான் மஞ்சுநாத்துக்குப் போட்டேன். அவள் அழுதுகொண்டிருக்கிறாள், இப்போது வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

சர்ச்சுக்குப் போட்ட சட்டையை அப்பா இன்னும் கழற்றியிருக்கவில்லை. ஆனேக்கல் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று கேட்டார். அவள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்றேன்.

"வாசல்ல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார்.